சுகர் ரிப்போர்ட் நன்றாக வந்திருக்கிறதா? கொண்டாடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

மூன்று மாத சுகர், அதாவது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் டெஸ்ட், ஒன்பது சொச்சத்திலிருந்து ஏழுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் நம் வீடுகளில் முதலில் நடப்பது என்ன? யாராவது ஒருவர் ஸ்வீட் கடைக்குக் கிளம்புவார். சர்க்கரை குறைந்ததற்குச் சர்க்கரை! சிரிப்பாக இருந்தாலும் அதில் தப்பு சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நல்ல சேதி வந்தால் வாயை இனிக்கவைப்பது நமக்குப் பழகிய வழக்கம்.

ரிப்போர்ட் நன்றாக வந்தால் கொண்டாடியே ஆக வேண்டும் என்பதுதான் என் கட்சி. சுகர் ஏறினால் டாக்டர் திட்டுவார், வீட்டில் திட்டுவார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கூட ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். குறைந்தால்? "குட், இதையே கன்டினியூ பண்ணுங்க" என்று ஒரு வரி. அதற்குள் அடுத்த டோக்கன் நம்பரைக் கூப்பிட்டுவிடுவார்கள். மூன்று மாதம் வாயைக் கட்டி, காலையில் எழுந்து நடந்தவருக்கு அது போதாது.

ஆனால் கட்டுப்பாடு நழுவுவதும் பெரும்பாலும் இந்த நல்ல வாரத்தில்தான். "அதான் குறைஞ்சுடுச்சே" என்று மாத்திரையில் கைவைப்பார்கள், நடையை விடுவார்கள். அதனால் கொண்டாட்டத்தை ஒரு ஒழுங்கோடு செய்ய வேண்டியிருக்கிறது. இங்கே சொல்வது பெரும்பாலும், பலருக்கும் வரும் வகையான டைப் 2 சுகர் உள்ள பெரியவர்களுக்கு. கர்ப்ப காலத்தில் இலக்குகள் இன்னும் இறுக்கமானவை: சாப்பிடாமல் 95-க்குக் கீழே, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழே. கர்ப்பிணிகள் தங்கள் டாக்டர் சொல்வதை மட்டும் கேட்கட்டும். டைப் 1 உள்ளவர்களுக்கும் இன்சுலின் கணக்கு தனி.

படி 1: ரிப்போர்ட்டை உட்கார்ந்து படியுங்கள்

லேப் வாசலில் நின்றுகொண்டு போன் வெளிச்சத்தில் பார்ப்பது வேண்டாம். வீட்டுக்கு வந்து, பழைய ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

மூன்று எண்கள் இருக்கும். சாப்பிடாமல் எடுத்தது, சாப்பிட்டபின் எடுத்தது, அப்புறம் ஹெச்பிஏ1சி எனப்படும் மூன்று மாத சுகர். பொதுவாக வைக்கும் இலக்கு இது: சாப்பிடாமல் 80 முதல் 130, சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் 180-க்குள், ஹெச்பிஏ1சி 7%-க்குள். அந்த இரண்டு மணி நேரத்தை முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும். சாப்பிட்டு முடித்து, கைகழுவி, கொஞ்சம் பேசிக்கொண்டிருந்துவிட்டு எண்ண ஆரம்பித்தால் எண் அழகாக வரும், அவ்வளவுதான்.

முதல் இரண்டும் அன்றைய நிலவரம். டெஸ்டுக்கு முன்னால் இரண்டு நாள் கஞ்சி குடித்துச் சமாளித்தால் அவை இறங்கிக் காட்டும். ஹெச்பிஏ1சியை அப்படி ஏமாற்ற முடியாது. ரத்தச் சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அத்தனை நாளும் ரத்தத்தில் இருந்த குளுக்கோஸ் அவற்றின் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டே வரும். எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதைத்தான் அந்தச் சதவீதம் சொல்கிறது. அதிலும் கடைசி ஒரு மாதத்தின் பங்கு ஏறக்குறைய பாதி. நீங்கள் நடக்க ஆரம்பித்து ஆறு வாரம்தான் ஆகிறது என்றாலும் ரிப்போர்ட்டில் அது தெரிவதற்குக் காரணம் இதுதான்.

சதவீதத்தை, விரலைக் குத்திச் சுகர் பார்க்கும் வீட்டு மெஷினில் வரும் எண்ணாக மாற்றிப் பார்த்தால் மனசில் நிற்கும். ஹெச்பிஏ1சியை 28.7-ஆல் பெருக்கி 46.7-ஐக் கழிக்க வேண்டும். 6% என்றால் சராசரி 126, 7% என்றால் 154, 8% என்றால் 183, 9% என்றால் 212, 10% என்றால் 240. பல லேப்கள் இதைக் கணக்குப் போட்டு அடியிலேயே அச்சடித்துத் தருகின்றன.

ஒன்றைக் கண்டு மட்டும் துவண்டுபோகாதீர்கள். 'நார்மல்' என்ற பத்தியில் 5.7-க்குக் கீழே என்று போட்டிருப்பார்கள். உங்கள் 6.8 தடித்த எழுத்தில், பக்கத்தில் 'ஹை' என்பதற்கான ஒரு 'ஹெச்' குறியோடு, குற்றப்பத்திரிகை மாதிரி நிற்கும். அந்த அளவு சுகர் இல்லாதவர்களுக்கானது. உங்களுக்கு 6.8 நல்ல மார்க். வயது அதிகமாகி, இதய நோயோ சிறுநீரக நோயோ சேர்ந்திருந்தால், அல்லது அடிக்கடி லோ சுகர் ஆகுமென்றால் டாக்டரே 8% வரை போதும் என்பார். எழுபத்தெட்டு வயது அம்மா 7.6-இல் இருக்கிறார் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. முறைத்துப் பார்க்காமல் பாராட்டுங்கள்.

சரி, இலக்கை இன்னும் தொடவில்லை, ஆனால் 10-லிருந்து 8.6-க்கு வந்திருக்கிறது என்றால்? தாராளமாகக் கொண்டாடலாம். பிரிட்டனில் புதிதாக சுகர் வந்த 5,102 பேரைச் சேர்த்துக்கொண்டு 1977 முதல் 1997 வரை நடந்த யுகேபிடிஎஸ் ஆய்வு இந்தத் துறையில் பெரிய திருப்பம். அதன் தரவுகளை வைத்து 2000-இல் வெளியான கணக்குப்படி, ஹெச்பிஏ1சி ஒரு சதவீதம் குறைவாக இருந்தால் கண், சிறுநீரகம் போன்ற சிறு ரத்தக்குழாய்ப் பாதிப்புகள் 37% குறைவாகவும், சுகர் சார்ந்த மரணங்கள் 21% குறைவாகவும் இருந்தன. ஏழைத் தொட்டால்தான் பலன் என்று எதுவும் இல்லை. இறங்கிய ஒவ்வொரு புள்ளியும் லாபக் கணக்கில்தான் வரும்.

படி 2: எண் மெய்தானா என்று ஒருமுறை பாருங்கள்

நல்ல சேதியைச் சந்தேகப்படச் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். ஐந்து நிமிட வேலைதான்.

வீட்டு மெஷினில் தினமும் 190, 210 என்று பார்த்துக்கொண்டிருந்தவருக்கு ஹெச்பிஏ1சி 6.2 என்று வந்தால் இரண்டும் ஒத்துப்போகவில்லை. சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ, நிறைய ரத்தப்போக்கு ஆகியிருந்தாலோ, சிவப்பணுக்கள் சீக்கிரம் உடையும் நோய் இருந்தாலோ, சிறுநீரக நோய்க்கு ரத்தம் ஊற ஊசி போட்டுக்கொண்டிருந்தாலோ ஹெச்பிஏ1சி உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். இரும்புச் சத்துக் குறைவான ரத்தசோகையில் இதற்கு நேர்மாறாக ஏற்றிக் காட்டும். நம் வீட்டுப் பெண்களுக்கு இது கவனிக்க வேண்டிய விஷயம். சாப்பாட்டைக் குறைத்தும் எண் அசையவில்லை என்றால் ஹீமோகுளோபினையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இன்னொன்று, சராசரி என்பது மேடு பள்ளத்தை மறைத்துவிடும். மதியம் 250, விடியற்காலை 60 என்று ஊஞ்சலாடுபவருக்கும் சராசரி பார்க்க லட்சணமாகத்தான் வரும். திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, அடங்காத பசி, விடியற்காலையில் நனைந்த பனியனோடு விழிப்பு என்று ஏதாவது இந்த மூன்று மாதத்தில் இருந்ததா? இருந்தால் கொண்டாட்டத்துக்கு முன்னால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். 70-க்குக் கீழே போனாலே லோ சுகர், 54-க்குக் கீழே போனால் ஆபத்து. சுகரை விடாமல் அளக்கும் சென்சாரைக் கையில் ஒட்டியிருப்பவர்கள், 70-க்கும் 180-க்கும் இடையில் இருந்த நேரம் நூற்றுக்கு எழுபதைத் தாண்டியிருக்கிறதா, 70-க்குக் கீழே இருந்த நேரம் நான்குக்குள் அடங்கியிருக்கிறதா என்று பார்க்கலாம்.

வீட்டு மெஷினில் வந்த ஒற்றை எண்ணுக்காகக் குதிக்கவும் வேண்டாம், அழவும் வேண்டாம். தரமான மெஷினுக்கே 15% வரை முன்னே பின்னே காட்ட அனுமதி உண்டு. அது 120 காட்டினால் உண்மையில் 102 ஆகவும் இருக்கலாம், 138 ஆகவும் இருக்கலாம். பழம் நறுக்கிய கையோடு விரலைக் குத்தினால் அது இன்னும் வேறு ஏதோ சொல்லும்.

படி 3: மாத்திரையில் கைவைக்காமல் டாக்டரைப் பாருங்கள்

ரிப்போர்ட் நல்லபடியாக இருக்கிறதே, எதற்கு ஃபீஸ் கொடுத்துப் போக வேண்டும் என்று தோன்றும். நல்ல ரிப்போர்ட்டோடு போகிற விசிட்டில்தான் உருப்படியாகப் பேச முடியும். சுகர் ஏறியிருந்தால் அந்தப் பத்து நிமிடமும் திட்டு வாங்கவே சரியாகிவிடும்.

முதல் கேள்வி மாத்திரையைப் பற்றி. குறைந்த சுகர், மாத்திரையோடு சேர்ந்து குறைந்த சுகர். அதை நீங்களாக நிறுத்தினால் சில வாரத்தில் பழைய எண்ணே திரும்பும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்குபவர்கள், "இந்த மாசம் வேண்டாம்மா, நார்மல் ஆயிடுச்சு" என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

அதற்காக மாத்திரை ஆயுளுக்கும் குறையவே குறையாது என்பதும் இல்லை. எடை குறைந்து சுகரும் இறங்கியிருக்கும்போது உடலை இன்சுலின் சுரக்கவைக்கும் கிளிமிபிரைடு, கிளிக்லசைடு வகை மாத்திரைகளும் இன்சுலினும் பழைய அளவிலேயே தொடர்ந்தால் லோ சுகர் வரக்கூடும். "டோஸ் குறைக்கலாமா?" என்று கேளுங்கள். சுகரிலிருந்தே விடுபடுவது பற்றியும் பேசலாம். சுகர் மாத்திரைகளை நிறுத்தி மூன்று மாதமாவது ஆனபின்னும் ஹெச்பிஏ1சி 6.5%-க்குக் கீழே நின்றால் அதை ரெமிஷன் என்று 2021-இல் சர்வதேச நிபுணர் குழு வரையறுத்தது. பிரிட்டனில் நடந்து 2017-இல் வெளியான டைரெக்ட் ஆய்வில், கடுமையான எடைக்குறைப்பில் சேர்ந்தவர்களில் 46% பேர் ஓராண்டில் சுகர் மாத்திரை இல்லாமலேயே 6.5%-க்குக் கீழே வந்தார்கள். எல்லோருமே சுகர் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்கள், மருத்துவக் கண்காணிப்பில் இருந்தவர்கள். பதினைந்து வருடச் சுகரை வைத்துக்கொண்டு யாரோ அனுப்பிய வாட்ஸ்ஆப் வீடியோவை நம்பி மாத்திரையை நிறுத்துவதற்கு இந்த ஆய்வைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

பலருக்குத் தெரியாத ஒன்று: சுகர் மிக வேகமாக இறங்கினாலும் கண்ணைப் பார்க்க வேண்டும். நீண்ட நாள் உயர்ந்திருந்த சுகர் சில மாதத்தில் தடாலென்று இறங்கும்போது, ஏற்கெனவே விழித்திரையில் பாதிப்பு இருப்பவர்களுக்கு அது தற்காலிகமாகக் கூடுவது உண்டு. நீண்ட கால நோக்கில் இறங்கியதுதான் நல்லது, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் 11-லிருந்து 7-க்கு வந்தவர், கண்மணியை விரியவைத்துப் பார்க்கும் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. அதே விசிட்டில் சிறுநீரில் புரதம் போகிறதா, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் எவ்வளவு, பாதத்தில் உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்ற வருடாந்திரப் பரிசோதனைகளையும் முடித்துவிடலாம். மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடமாகச் சாப்பிடுபவர்கள் வைட்டமின் பி12-உம் பார்த்துக்கொள்ளட்டும்.

படி 4: எது வேலை செய்தது என்று கண்டுபிடியுங்கள்

என்னைக் கேட்டால் இந்த முழு வழிகாட்டியில் முக்கியமானது இதுதான். "எப்படிக் குறைஞ்சது?" என்று கேட்டால் பாதிப் பேர் "கடவுள் புண்ணியம்" என்பார்கள், மீதிப் பேர் "வெந்தயம்" என்பார்கள். இரண்டையும் மதிக்கிறேன். ஆனாலும் உட்கார்ந்து எழுதிப் பார்த்தால் வேறு ஏதாவது வெளியே வரும்.

எங்கள் மாமா ஒருவருக்கு 9.1 இருந்தது 7.2 ஆனது. சராசரிக் கணக்கில் 214-லிருந்து 160. பாகற்காய் ஜூஸ்தான் காரணம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தைதான் விரல்விட்டு எண்ணினார்: "முன்னே நாலு டம்ளர் காபி, டம்ளருக்கு ரெண்டு ஸ்பூன். இப்போ ரெண்டு டம்ளர், அதுவும் சர்க்கரை இல்லாம. ராத்திரி பத்து மணிக்கு நாலு தோசை தின்னுட்டு அப்படியே படுப்பீங்க. இப்போ எட்டு மணிக்கெல்லாம் ரெண்டு தோசை, ஒரு கப் சுண்டல், அப்புறம் ரேஷன் கடை வரைக்கும் ஒரு நடை." காபியில் மட்டும் தினம் எட்டு ஸ்பூன், கிட்டத்தட்ட 35 கிராம் சர்க்கரை வண்டியேறிப் போயிருக்கிறது. மாமா பேசாமல் பேப்பரை விரித்துக்கொண்டார்.

நீங்களும் இப்படி எழுதிப் பாருங்கள். ஒரு தாளில் இரண்டு பத்தி போதும். மூன்று மாதத்துக்கு முன் காலை, மதியம், இரவு என்ன, எத்தனை மணிக்கு, எவ்வளவு? இப்போது என்ன? நடை, தூக்கம், மாத்திரையை மறந்த நாட்கள், டாக்டர் புதிதாகச் சேர்த்த மருந்து எல்லாவற்றையும் போடுங்கள். புது மருந்துதான் காரணம் என்றால் அதையும் நேர்மையாக எழுதுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. சாப்பாடு முடிந்ததும் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் அந்த வேளைச் சுகர் ஏறுவது குறையும். காயையும் பருப்பையும் முட்டையையும் முதலில் சாப்பிட்டுச் சோற்றுக்குக் கடைசியில் வந்தாலும் அப்படியே. உங்கள் பட்டியலில் இவை இருந்தால் அவற்றைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். கல்யாணம், ஊர்ப் பயணம் என்று எது வந்தாலும் கடைசிவரை விடக் கூடாதவை அவைதான்.

பட்டியலில் வேறொருவரின் உழைப்பும் தெரியும். சமைத்தவர். தனக்குச் சுகர் இல்லாவிட்டாலும் உங்களுக்காக இரவு டிபனை மாற்றியவர், காயை இரண்டு மடங்காக நறுக்கியவர். கொண்டாட்டத்தின் முதல் பங்கு அவருக்குப் போக வேண்டும். ஒருநாள் முழுக்க சமையலறைப் பக்கமே வராமல் அவரை உட்காரவைப்பது நல்ல தொடக்கம்.

படி 5: சாப்பிட்டுத்தான் கொண்டாட வேண்டும் என்றால்

வேண்டும்தான். அதை மறுக்கப் போவதில்லை.

பிடித்த ஒரே ஒரு இனிப்பைத் தேர்ந்தெடுங்கள். உண்மையிலேயே பிடித்ததாக இருக்கட்டும். பிடிக்காத 'சுகர் ஃப்ரீ' லட்டு நான்கைத் தின்பதைவிட, நல்ல நெய்யில் செய்த அல்வா இரண்டு வாய் மேல். சுகர் ஃப்ரீ என்ற பெட்டியில் சர்க்கரை இல்லாவிட்டாலும் மைதாவும் கோவாவும் நெய்யும் இருக்கும். சிலவற்றில் சேர்க்கும் மால்டிடால் என்ற இனிப்பூட்டி சுகரையும் கொஞ்சம் ஏற்றும், அதிகம் தின்றால் வயிற்றையும் போட்டு உலுக்கும். பேரீச்சை உருண்டை ஆரோக்கியம் என்ற பெயரில் வரும், பேரீச்சையின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். கருப்பட்டி, வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாம் இந்தக் கணக்கில் சர்க்கரையின் பங்காளிகளே. "கருப்பட்டிதானே, ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லி யாராவது பணியாரத்தை நீட்டினால் இதை நினைவில் வையுங்கள்.

வெறும் வயிற்றில் இனிப்பு வேண்டாம். மாலை நான்கு மணிக்குத் தனியாக ஜாங்கிரியைத் தின்றால் அது நேரே ரத்தத்துக்கு ஓடும். சாப்பாட்டின் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த அளவுக்குச் சோற்றைக் குறையுங்கள். கல்யாணப் பந்தியில் இலை ஓரத்தில் முதலில் வைப்பதே இனிப்புதான். அது அங்கேயே இருக்கட்டும். பொரியல், கூட்டு, அவியலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, சாம்பாருக்கு மட்டும் சோறு போட்டுக்கொண்டு, ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துவிட்டு, அதற்கப்புறம் அந்த இனிப்பைத் தொடுங்கள். பாயசமும் இனிப்பும் இரண்டும் என்றால் கட்டுப்படியாகாது, ஒன்று. சாப்பிட்டதும் மண்டபத்தைச் சுற்றி ஒரு நடை. தெரிந்தவர்களை விசாரித்துக்கொண்டே நடந்தால் யாருக்கும் தெரியக்கூட செய்யாது.

வீட்டில் என்றால் மெஷினை வைத்துப் பாருங்கள். சாப்பிடும் முன் ஒருமுறை, தொடங்கி இரண்டு மணி நேரத்தில் ஒருமுறை. 180-க்குள் நின்றால் அந்த அளவு உங்களுக்குத் தாங்கும். 230-க்குப் போனால் அடுத்த முறை பாதி. இப்படி நான்கைந்து பண்டத்துக்கு உங்கள் சொந்தக் கணக்கு கைக்கு வந்துவிட்டால் அப்புறம் ஊரார் அறிவுரை தேவைப்படாது. பிரியாணி, பரோட்டா மாதிரி கொழுப்பு அதிகமானவற்றில் ஒரு தந்திரம் உண்டு. கொழுப்பு செரிமானத்தைத் தாமதப்படுத்துவதால் இரண்டு மணி நேரத்தில் சாதுவாக இருந்துவிட்டு மூன்று, நான்கு மணி நேரத்தில் ஏறும். ராத்திரி ஒன்பதுக்குப் பிரியாணி சாப்பிட்டு, பதினொன்றுக்கு 165 பார்த்து நிம்மதியாகப் படுத்தவர் காலையில் 190 பார்த்துக் குழம்புவது இதனால்தான். பிரியாணி ஆசை இருந்தால் மதியம் வைத்துக்கொள்ளுங்கள். சோறு கொஞ்சமாக, கறியும் வெங்காயப் பச்சடியும் தாராளமாக.

இன்சுலின் போடுபவர்கள், "இனிப்பு சாப்பிடப் போறேன், ரெண்டு யூனிட் கூடப் போட்டுக்கலாம்" என்று தாமாக முடிவெடுக்க வேண்டாம். அந்தக் கணக்கை டாக்டர் சொல்லிக் கொடுத்திருந்தால் மட்டும். குடித்துக் கொண்டாடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: கல்லீரல் மதுவைச் சமாளித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் குளுக்கோஸை வெளியே விடுவது குறைந்துவிடும். இன்சுலினோ கிளிமிபிரைடு வகையோ எடுப்பவர்கள் சாப்பிடாமல் குடித்தால் பல மணி நேரம் கழித்து, தூக்கத்தில்கூட லோ சுகர் ஆகலாம். பக்கத்தில் இருப்பவர்கள் போதை என்று நினைத்துப் போர்வையைப் போர்த்திவிட்டுப் போவார்கள்.

லோ சுகர் ஆனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் அதையே திரும்பச் செய்ய வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது, குளுக்கோஸ் பவுடர்தான் சரி. ஒரு பாக்கெட் வீட்டில் இருக்கட்டும்.

படி 6: வாய்க்கு வேலை இல்லாத கொண்டாட்டங்கள்

உங்களுக்கு நீங்களே ஏதாவது வாங்கிக்கொள்வது என்றால் முதல் சிபாரிசு எம்.சி.ஆர். செருப்பு. அந்த மெத்தென்ற மைக்ரோ செல்லுலர் ரப்பர் அடிப்பாகம் பாத அழுத்தத்தைப் பரவலாக்கும். முன்பெல்லாம் "ஆஸ்பத்திரிச் செருப்பு" என்று முகம் சுளிப்பார்கள், இப்போது பார்க்க லட்சணமான மாடல்கள் வந்துவிட்டன. கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்கால நேரத்தில் போய் அளவு பாருங்கள்.

புது மூக்குக் கண்ணாடி மட்டும் உடனே வேண்டாம். சுகர் மாறும்போது கண் வில்லையில் உள்ள நீர்ச்சத்தும் மாறும், பவரும் கூடவே மாறும். சுகர் இறங்கிய புதிதில் முன்பைவிட மங்கலாகத் தெரிவதாகச் சிலர் பயப்படுவதும் இதனால்தான். சில வாரம் சுகர் ஒரே சீராக நின்றபின் பரிசோதித்து வாங்கினால் காசு வீணாகாது.

வேண்டுதல் வைத்தவர்கள் நிறைய இருப்பீர்கள். "சுகர் குறைஞ்சா பழனிக்கு நடந்தே வர்றேன் முருகா" என்று வேண்டியிருந்தால் நிறைவேற்றத்தான் வேண்டும். ஆனால் பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருப்பவர் வெறுங்காலில் பாதயாத்திரை போவதும், தீ மிதிப்பதும், உச்சிவெயிலில் கோயில் கல்தளத்தில் சுற்றுவதும் நேரே புண்ணில் கொண்டுபோய் விடும். கொப்புளம் வந்ததே தெரியாது, மறுநாள் சாக்ஸில் ஈரம் பார்த்துத்தான் தெரியும். காலையில் நடை திறந்ததும் போங்கள், பிரகாரத்தில் சாக்ஸ் போட அனுமதித்தால் போட்டுக்கொள்ளுங்கள், பாதயாத்திரைக்குப் பதில் அன்னதானத்துக்குக் கொடுக்கலாமா என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். முழுநாள் விரதம் இருப்பதற்கு முன்னால் மாத்திரையை என்ன செய்வது என்று டாக்டரிடம் கேளுங்கள். பஞ்சாமிர்தம் ஒரு சுண்டுவிரல் நுனி போதும், முருகன் அளந்து பார்ப்பதில்லை.

மற்றதெல்லாம் உங்கள் விருப்பம்: சினிமா, பழைய நண்பர் வீட்டுக்கு ஒரு பயணம், பேரனுக்குச் சைக்கிள், செடி, சேலை. சாப்பாட்டில் மிச்சம் பிடித்த காசு கொஞ்சமாவது இருக்கும்.

படி 7: யாரிடம், எப்படிச் சொல்வது

"சுகர் போயிடுச்சு" என்று சொல்லாதீர்கள். சொன்ன நிமிடமே உங்கள் தட்டுக்குக் காவல் நின்றவர்கள் எல்லாம் பரிமாற ஆரம்பித்துவிடுவார்கள். "கன்ட்ரோல்ல இருக்கு" என்பது சரியான சொல், அதில் வேலை இன்னும் நடந்துகொண்டிருப்பதும் தெரிகிறது. கண்பட்டுவிடும் என்று யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொள்பவர்களும் உண்டு. அவர்கள் மனசுக்கு அது ஆறுதல் என்றால் இருக்கட்டும், சுற்றிப் போட்டுவிட்டு வீட்டு ஆட்களிடம் மட்டுமாவது சொல்லுங்கள்.

வற்புறுத்தும் உறவுக்கு முன்கூட்டியே ஒரு பதில் வைத்துக்கொள்வது நல்லது. "அதான் ஏழுக்குள்ள வந்துடுச்சேப்பா, ஒரு லட்டுல என்ன ஆயிடப் போவுது?" என்று அத்தை கேட்டால், "குடுங்க அத்தை, வீட்டுக்குக் கொண்டு போறேன், ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஆளுக்குப் பாதி" என்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார், வாங்கிக்கொண்டால் குளிர்ந்துவிடுவார். லட்டு எப்போது, எவ்வளவு வாய்க்குப் போகிறது என்பது உங்கள் கையில்.

இதை வாசிப்பவர் சுகர் உள்ளவரின் மகளோ மகனோ என்றால்: அப்பாவின் ரிப்போர்ட் நன்றாக வந்த அன்றைக்கு, "இன்னும் அரை பாயின்ட் குறைச்சிருக்கலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதற்கு அடுத்த வாரம் இருக்கிறது.

படி 8: மறுநாளும் அடுத்த டெஸ்டும்

கொண்டாடிய மறுநாள் காலை எண் கொஞ்சம் ஏறியிருக்கலாம். அதற்காகப் பட்டினி கிடக்கவோ மாத்திரையைக் கூட்டவோ வேண்டாம். வழக்கமான இட்லி, வழக்கமான நடை. ஓரிரு நாளில் பழைய இடத்துக்கு வந்துவிடும். ஒருநாள் விருந்து ஹெச்பிஏ1சியை அசைத்துவிடாது, ஆனால் ஒரு வாரம், பத்து நாள் என்று விருந்து நீண்டால் அசைக்கும். மிச்ச ஸ்வீட் பெட்டியை அன்றைக்கே பக்கத்து வீட்டுக்கோ வேலைக்கு வரும் அக்காவுக்கோ கொடுத்துவிடுவது இதற்காகத்தான். ஃபிரிட்ஜில் இருந்தால் ராத்திரி பதினொரு மணிக்கு அது கூப்பிடும்.

அடுத்த ஹெச்பிஏ1சி தேதியை இப்போதே காலண்டரில் குறியுங்கள். இலக்கைத் தொட்டு நிலையாக இருப்பவர்களுக்கு வருடத்தில் இரண்டு முறை போதும். இன்னும் இறங்க வேண்டியவர்களுக்கும் மருந்து மாற்றியவர்களுக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஒரு மாதத்திலேயே ஆர்வம் தாங்காமல் போய் எடுத்தால் பாதி பழைய கதையைத்தான் காட்டும். கூடியவரை அதே லேபில் எடுங்கள், லேபுக்கு லேப் சிறு வித்தியாசம் இருக்கும்.

லேபுக்குப் போகும்போது தனியாகப் போகாமல், உங்கள் தம்பியையோ தங்கையையோ, முப்பது தாண்டிய பிள்ளையையோ கூட்டிக்கொண்டு போங்கள். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான், சும்மா கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள். "எனக்குக் குறைஞ்சிருக்கு, வா, உனக்கும் பார்ப்போம், டிபன் என் செலவு" என்றால் வருவார்கள். ஹெச்பிஏ1சிக்கு வெறும் வயிறு தேவையில்லை, சாப்பிடாமல் எடுக்கும் டெஸ்டுக்கு எட்டு மணி நேரம் தண்ணீர் மட்டும். டிபனுக்கு எந்த ஹோட்டல் என்பதை அவர்களே சொல்லட்டும்.